பூச்சிகள் ஆடிப்பாடும் பழைய பாணி இசைக் கார்ட்டூன்: 90 நொடிப் படம் செய்யும் முறை

1930-களின் இசைக் கார்ட்டூன்களில் பாட்டுதான் முதலில் வந்தது. வெட்டுக்கிளி வில்லை இழுப்பது, எறும்பு வரிசை கால் எடுத்து வைப்பது, காளான் குடை குலுங்குவது என எல்லாவற்றுக்கும் ஃப்ரேம் (நொடிக்கு 24 ஓடும் தனித்தனிப் படம்) கணக்கு போட்டு முடித்த பிறகே பென்சிலைத் தொட்டார்கள். இன்று அந்தப் பாணியை முயல்கிறவர்கள் வட்டக் கண், வெள்ளைக் கையுறை, ரப்பர் குழாய் போன்ற கை கால் இவற்றிலிருந்து தொடங்குகிறார்கள். வரையத் தெரிந்தவருக்கு அதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். கணக்கு தப்பினால் எவ்வளவு அழகாக வரைந்திருந்தாலும் படம் தாளத்தில் நிற்காது. அதனால் இந்த வழிகாட்டியில் பாதி எண்களாகத்தான் இருக்கும்.

அக்காலக் குறும்படங்கள் பெரும்பாலும் 6 முதல் 8 நிமிடம் ஓடின. 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 ஃப்ரேம், ஒரு நிமிடத்துக்கு 90 அடி. 7 நிமிடப் படம் என்றால் 630 அடி, 10,080 ஃப்ரேம். அதற்கு ஒரு ஸ்டுடியோவே வேண்டும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்வதற்கு 90 நொடி சரியான அளவு. அது 2,160 ஃப்ரேம். ஒரு டிராயிங்கை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினால் (இதைத்தான் 'டூஸ்' என்பார்கள்) ஒரு பாத்திரத்துக்கு அதிகபட்சம் 1,080 டிராயிங் வரும். சைக்கிள்களை (திரும்பத் திரும்ப ஓட்டும் டிராயிங் தொடர்களை) யோசித்துத் திட்டமிட்டால் அதில் மூன்றில் ஒரு பங்கு போதும்.

பீட்டுக்கு எத்தனை ஃப்ரேம்

நொடிக்கு 24 ஃப்ரேம், நிமிடத்துக்கு 1,440. இந்த 1,440-ஐ டெம்போவால் (நிமிடத்துக்கு எத்தனை பீட் என்ற எண்) வகுத்தால் ஒரு பீட்டுக்கு, அதாவது ஒரு தாள அடிக்கு, எத்தனை ஃப்ரேம் என்று கிடைக்கும். 1928-இல் டிஸ்னியின் 'ஸ்டீம்போட் வில்லி' கார்ட்டூனுக்காக அங்கே வேலை செய்த வில்ஃப்ரெட் ஜாக்சன் மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவியை) வைத்துக்கொண்டு போட்டதும் இதே கணக்குதான். பின்னாளில் இசைக்கலைஞர்கள் காதில் கேட்டு வாசித்த, பீட்டுக்கு ஒரு 'டிக்' ஒலி தரும் கிளிக் டிராக்கும் இதிலிருந்து வளர்ந்ததே.

- 8 ஃப்ரேம்: டெம்போ 180. துரத்தல், கொசுக் கூட்டம், சண்டை.
- 10 ஃப்ரேம்: டெம்போ 144. பாதி பீட் 5 ஃப்ரேமில் விழுவதால் டூஸில் தொல்லை.
- 12 ஃப்ரேம்: டெம்போ 120. அணிவகுப்பு, நடனம், எல்லாவற்றுக்கும்.
- 16 ஃப்ரேம்: டெம்போ 90. மெதுவான நடை, கம்பளிப்பூச்சி, நிலவொளிக் காட்சி.

முதல் படத்துக்கு 12-ஐத் தேர்ந்தெடுங்கள். 12 என்ற எண் 2, 3, 4, 6 நான்காலும் வகுபடும். பாதி பீட்டில் ஒரு சிமிட்டல் வேண்டுமா, 6 ஃப்ரேம். ஜாஸ் பாணியில் ஊசலாடும் நடை வேண்டுமா, பீட்டை 8, 4 எனப் பிரித்தால் நீளமும் குட்டையுமாக அந்த அசைவு கிடைக்கும். 10-ஐயோ 14-ஐயோ எடுத்தவர்கள் இந்தப் பிரிப்பு வரும் இடத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள்.

இசையை உண்மையான கருவிகளில் பதிவு செய்தாலும் வாசிப்பவர் காதில் கிளிக் கேட்டபடியே வாசிக்க வேண்டும். 120 என்று நினைத்து 121-இல் வாசித்துவிட்டால் 90 நொடியில் ஒன்றரை பீட், அதாவது 18 ஃப்ரேம் விலகிவிடும். முதல் பத்து நொடியில் யாருக்கும் தெரியாது. கடைசி ஆட்டத்தில் மொத்த எறும்புப் படையும் தப்புத்தாளம் போடும். இன்னொரு பொறி மென்பொருளில் இருக்கிறது. புராஜெக்டை 24-க்குப் பதில் 23.976 என்று வைத்துவிட்டால், அதே 90 நொடியில் 2 ஃப்ரேம் நகரும். சின்ன விலகல் என்பதால் காரணம் பிடிபடாமல் நாள்கணக்கில் தேட வைக்கும். முதல் கோப்பு திறந்ததும் பார்க்க வேண்டிய எண் அது.

பாட்டின் அளவு

அந்தக் காலத்து நடனப் பாடல்களுக்குப் பழக்கமான வடிவம் 32 பார்: ஒரே மெட்டு இரண்டு முறை, நடுவில் மாற்று மெட்டு, மறுபடி முதல் மெட்டு, ஒவ்வொன்றும் 8 பார். 12 ஃப்ரேம் பீட்டில் 4 பீட் கொண்ட ஒரு பார் 48 ஃப்ரேம், சரியாக 2 நொடி. 4 பார் முன்னிசை (8 நொடி), 32 பார் பாட்டு (64 நொடி), 8 பார் முடிவு (16 நொடி), அதன்பின் 2 நொடி கடைசி சுரத்தின் எதிரொலி. மொத்தம் 90.

கதையைப் பாட்டு வடிவத்தின் மேலேயே உட்கார வைக்கலாம். முதல் மெட்டில் மேடையும் வாத்தியக்காரர்களும் அறிமுகம். இரண்டாவது முறை வரும்போது ஆட்டம். மாற்று மெட்டில் ஆபத்து: சிலந்தி கயிற்றில் இறங்குகிறது, இசை சோகச் சாயல் கொண்ட மைனர் சுர வரிசைக்கு மாறுகிறது, டிரம்ஸ் மட்டும் மிஞ்சுகிறது. மெட்டு திரும்பும்போது ஆபத்து தீர வேண்டும், அதுவும் இசையாலேயே தீர வேண்டும். டிரம் அடிக்கும் வண்டு சிலந்தியின் வலையையே தந்தியாக மீட்டி அதை உதறித் தள்ளுவது போல ஏதாவது ஒன்று. வில்லன் நாயகியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது அப்போதே தேய்ந்துபோன விஷயம். 8 பாரில், அதாவது 16 நொடியில் துரத்தலுக்கு இடமும் இல்லை.

பார் ஷீட், பிறகு எக்ஸ்போஷர் ஷீட்

பார் ஷீட் என்பது படம் முழுவதையும் ஒரே பார்வையில் காட்டும் தாள். ஒரு வரிசைக்கு 4 பார், ஒவ்வொரு பாரும் 4 கட்டம், கட்டத்தின் கீழ் மூன்று வரி: இசையில் என்ன நடக்கிறது, யார் என்ன செய்கிறார், எந்த ஒலி விழுகிறது. 44 பாருக்கு 11 வரிசை. இதைச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் ஸ்டோரிபோர்டைத் தொடங்க வேண்டும். வரிசையை மாற்றிச் செய்தால், அழகான ஷாட் ஒன்றுக்கு 3 பார் தேவைப்பட்டு இசையில் 2 பார்தான் இருக்கிறது என்பது வரைந்து முடித்த பிறகு தெரியவரும்.

எக்ஸ்போஷர் ஷீட் அடுத்த படி: ஃப்ரேமுக்கு ஒரு வரி, ஒரு பாருக்கு 48 வரி. ஒவ்வொரு பீட்டுக்கும் சிவப்புக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். 1, 13, 25, 37.

ஒரு பாரை நெருக்கமாகப் பார்ப்போம். 5-ஆவது பார், படத்தின் மொத்தக் கணக்கில் 193-ஆவது ஃப்ரேமில் தொடங்குகிறது. வெட்டுக்கிளி பிடிலை மோவாயில் வைத்து முதல் சுரத்தை இழுக்க வேண்டும். சுரம் மூன்றாவது பீட்டில், பாரின் 25-ஆவது ஃப்ரேமில் ஒலிக்கிறது. 1 முதல் 12 வரை கால் ஊன்றிப் பீட்டுக்கு ஒரு சின்னக் குதிப்பு. 13 முதல் 16 வரை வில் பிடித்த கை பின்னோக்கி மேலே போகிறது. 17 முதல் 20 வரை வில் உச்சியில் நிற்கிறது. உணர்கொம்பு மட்டும் தாமதமாக வந்து சேர்கிறது. 21-இல் ஒரே ஒரு இடைநிலை டிராயிங். 23-இல் வில் தந்தியைத் தொட்டுவிடுகிறது. 25-இல் சுரம் வரும்போது பிடிலும் உடலும் அமுங்கிய நிலையில் இருக்கின்றன. 25 முதல் 36 வரை நீண்ட இழுப்பு. 37-இல் உணர்கொம்புகள் இரண்டும் துள்ளுகின்றன.

தொடுதல் சுரத்துக்கு 2 ஃப்ரேம் முன்னால் இருப்பதைக் கவனியுங்கள். நம் வாழ்க்கையில் ஒளி முதலில் வரும், ஒலி பின்னால் வரும். அதனால் ஒலி சற்றுப் பிந்தினால் கண் மன்னிக்கும், முந்தினால் மன்னிக்காது. அடி, மோதல், கால் பதிதல் எல்லாம் பீட்டிலேயோ 1, 2 ஃப்ரேம் முன்போ விழலாம். ஒரு ஃப்ரேம் பின்னால் போனாலும் பார்ப்பவருக்கு ஏதோ சோம்பலாகத் தோன்றும், ஏனென்று சொல்லத் தெரியாது.

ஆறு கால் சிக்கல்

உண்மைப் பூச்சிக்குத் தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதி. ஆறு கால்களும் மார்பில்தான் முளைக்கும். பழைய கார்ட்டூன்களில் பாதிப் பூச்சிகளுக்கு இரண்டு கை, இரண்டு கால்தான். இது அறியாமையால் வந்ததன்று. ஆறு உறுப்புகளைப் பீட்டுக்குப் பீட் ஆட்டுவதற்கு வேலை அதிகம், பார்ப்பவர் கண்ணும் எங்கே பார்ப்பதென்று தடுமாறும்.

நல்ல வழி இது: கூட்டத்துக்கு நான்கு, முக்கிய வேடிக்கைக்கு ஆறு. எறும்புகளும் ஆடும் ஜோடிகளும் நான்கு உறுப்போடு இருக்கட்டும். டிரம் வாசிக்கும் வண்டுக்கு மட்டும் நான்கு கை கொடுங்கள். இரண்டு குச்சியால் டிரம், மூன்றாவது கை சிம்பல், நான்காவது கையால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொள்ளும். ஆறு உறுப்பு எல்லோருக்கும் இருந்தால் இந்த வேடிக்கை செத்துப்போகும். எல்லோருக்கும் ஆறு வேண்டுமென்று பிடிவாதமாக இருந்தால் நடு ஜோடியைக் கோட்டுப் பையில் நுழைத்துவிடுங்கள்.

சிலந்தி பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று, அதற்கு எட்டுக் கால். கார்ட்டூனில் அதை ஆறு உறுப்போடு வரைந்தால் கூட்டத்தில் ஒருவனாகிவிடும். எட்டையும் வைத்து, ஆறை மெல்லிய கோடாக அசையாமல் நிறுத்தி, இரண்டை மட்டும் ஆட்டினால் வேலையும் குறையும், மிரட்டலும் கூடும்.

மரவட்டைக்கு ஒரு தனித் தந்திரம் உண்டு. ஒரே ஒரு காலுக்கு 12 டிராயிங் கொண்ட சைக்கிள் செய்யுங்கள். அடுத்த காலுக்கு அதே சைக்கிளை ஒரு டிராயிங் தள்ளித் தொடங்குங்கள், அதற்கடுத்ததை இன்னொன்று தள்ளி. 12 ஜோடிக் கால் வைத்தால் உடல் நெடுக ஒரு முழு அலை ஓடும். கணினியில் இது ஒரு மணி நேர வேலை. தாளில் என்றால் முதல் தாளையே மாதிரியாக வைத்து லைட் பாக்ஸில் (அடியில் விளக்கெரியும் வரைபலகையில்) நகர்த்தி நகர்த்தி வரைய வேண்டும்.

உடலைக் கட்டும்போது வட்டமும் பேரிக்காய் வடிவமும் போதும். கருப்பு உடலுக்கு முன்னால் கருப்புக் கை வந்தால் தெரியாது என்பதால்தான் வெள்ளைக் கையுறை. உங்கள் வண்டு வெளிர்ப் பச்சையாக இருந்தால் கையுறை தேவையே இல்லை. உணர்கொம்புதான் பூச்சிப் பாத்திரத்துக்கு இயற்கை தந்த சலுகை. புருவம் செய்யும் வேலையை அது செய்யும்: பயத்தில் பின்னோக்கிப் படியும், ஆர்வத்தில் முன்னோக்கி வளையும். தலை நின்ற பிறகு நுனி 2 அல்லது 3 டிராயிங் தாமதமாக வந்து நிற்கட்டும். தலையோடு சேர்ந்தே நின்றால் கம்பியைக் குத்தி வைத்தது போல இருக்கும்.

இறக்கை

தேனீ நொடிக்கு 200 தடவைக்கு மேல் இறக்கை அடிக்கிறது. 24 ஃப்ரேமில் அதைக் காட்ட வழியில்லை. மேல் நிலை ஒன்று, கீழ் நிலை ஒன்று எனப் புதிதாகச் செய்கிறவர்கள் மாற்றி மாற்றி வைப்பார்கள். திரையில் அது விளக்கு மினுங்குவது போலக் கண்ணை உறுத்தும். உலர்ந்த தூரிகையால் விசிறி வடிவில் இழுத்த கோடுகளை மூன்று டிராயிங்காகச் செய்து, விளிம்பு மட்டும் சற்றே மாறும்படி சுழற்றுங்கள். உள்ளே பாதி தெரியும்படி இருக்க வேண்டும்.

வண்ணத்துப்பூச்சிக்கு எதிர்மாறான வழி. அதன் பெரிய இறக்கையை உண்மை வேகத்தை விட்டுவிட்டுப் பீட்டுக்கு ஒரு தடவை அடிக்க விடுங்கள்: 4 ஃப்ரேமில் கீழே, 8 ஃப்ரேமில் மேலே. கீழே தள்ளும்போது உடல் மேலே எழ வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்த படங்கள் நிறைய உண்டு, அவற்றில் வண்ணத்துப்பூச்சி கயிற்றில் தொங்குவது போலிருக்கும்.

ஆட்டத்தின் அடிப்படைச் சைக்கிள்

அந்தப் பாணியின் முத்திரையே யாரும் சும்மா நிற்காததுதான். பின்னணியில் இருக்கும் காளான் கூடப் பீட்டுக்குக் குனிந்து நிமிரும். ஒரு பீட் குதிப்புக்கு 6 டிராயிங், டூஸில்: 1-இல் அமுக்கம், 3-இல் எழுச்சி, 5-இல் கிட்டத்தட்ட உச்சி, 7-இல் உச்சி, 9-இல் உச்சிக்குச் சற்றே கீழே, 11-இல் விழுதல். மேலே மூன்று டிராயிங் நெருக்கமாக, கீழே போகும்போது இடைவெளி பெரிதாக. ஆறையும் சம இடைவெளியில் வைத்தால் பாத்திரம் தண்ணீரில் மிதக்கும். பென்சில் டெஸ்டில் (பென்சில் டிராயிங்குகளை ஓட்டிப் பார்ப்பதில்) வரும் குறைகளில் இதுதான் முதலிடம்.

அமுக்கும்போது பரப்பளவு மாறக்கூடாது. அகலம் 1.2 மடங்கானால் உயரம் 0.83 மடங்காக வேண்டும். உயரத்தை மட்டும் குறைத்தால் வண்டு சுருங்கிப் பெரிதாவது போலத் தெரியும், எடை போய்விடும்.

கூட்டக் காட்சியில் ஒரே எறும்பின் சைக்கிளை இருபது எறும்புக்கும் பயன்படுத்தலாம். எல்லாமே ஒரே நேரத்தில் குதித்தால் படைவீரர் நடை. இடமிருந்து வலமாக 2 ஃப்ரேம் தள்ளித் தள்ளி வைத்தால் வரிசையில் அலை ஓடும். கணினியில் சீரற்ற தள்ளலைச் சொடுக்கிவிடாதீர்கள்; ஒவ்வொரு எறும்பும் தனித் தாளத்தில் போய்ப் பீட்டே காணாமல் போகும்.

நடை வந்தால் பின்னணி நகர்வையும் கணக்கிட வேண்டும். ஒரு காலடி 48 மி.மீ., அதற்கு 12 ஃப்ரேம் என்றால் பின்னணி ஃப்ரேமுக்கு 4 மி.மீ. நகர வேண்டும். பாத்திரம் டூஸில், பின்னணி ஒவ்வொரு ஃப்ரேமிலும் என்றால் ஊன்றிய கால் நடுங்கும்: பின்னணி 4 மி.மீ. போன பிறகும் கால் பழைய இடத்திலேயே இருக்கும், அடுத்த ஃப்ரேமில் 8 மி.மீ. தாவும். நடக்கும் ஷாட்டில் மட்டும் ஃப்ரேமுக்கு ஒரு டிராயிங் போட்டே ஆக வேண்டும். சுருக்கு வழி வேண்டுமென்றால் புல்லின் பின்னால் காலை மறையுங்கள்.

யாருக்கு எந்த வாத்தியம்

பூச்சிகள் எப்படி ஒலி எழுப்புகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் வாத்தியம் தானாக அமைந்துவிடும். வெட்டுக்கிளி பின்னங்காலை இறக்கையில் தேய்த்து ஒலி எழுப்புகிறது. வில்லும் தந்தியும் அதேதான், பிடில் அதற்குப் பொருந்துவது தற்செயல் இல்லை. சிள்வண்டின் வயிற்றுப் பக்கத்தில் விலா போன்ற மெல்லிய சவ்வு உள்ளே வளைந்து வெளியே துள்ளும், அது தோல்கருவிக்காரன். பாச்சை (கிரிக்கெட் பூச்சி) இனத்தில் ஆண்கள்தாம் இறக்கையோடு இறக்கை உரசிப் பாடுகின்றன, பலவற்றின் சுருதி 4,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ், பிக்கலோ என்ற சின்னப் புல்லாங்குழலின் உச்சி. தேனீயின் ரீங்காரம் தாழ்ந்தது, செல்லோவுக்கு அருகில். பெண் கொசு 400 முதல் 600 ஹெர்ட்ஸ் வரை முனகும். சீப்பின் மேல் மெல்லிய தாளை வைத்து ஊதினால் அப்படியே கிடைக்கும். கொசுவைப் பாத்திரமாக்கி வின்சர் மெக்கே 1912-லேயே கார்ட்டூன் செய்துவிட்டார், ஆனால் அது ஊமைப்படம்; இந்த இடம் உங்களுக்குத் திறந்தே இருக்கிறது.

மீதி வாத்தியங்கள்: கிளாரினெட், அடைப்பான் வைத்த டிரம்பெட், டியூபா அல்லது டபுள் பேஸ், பான்ஜோ, சைலோஃபோன், மரக்கட்டை. ஆறு ஏழுக்கு மேல் போக வேண்டாம். கடைசியில் எல்லாவற்றையும் மோனோவாக்கி (ஒரே ஒலித்தடமாக்கி), 100 ஹெர்ட்ஸுக்குக் கீழும் சுமார் 6,500-க்கு மேலும் வெட்டிவிடுங்கள். அக்காலத்து ஒளிவழி ஒலித்தடத்தின் சாயல் அதில்தான் இருக்கிறது. இதற்கு மேல் இரைச்சல் சேர்ப்பது தேவையற்றது.

பாட்டில் சொற்கள் இருந்தால் வாய்க்கு 6, 7 வடிவம் போதும். ம, ப போன்ற உதடு மூடும் எழுத்துகள் குறைந்தது 2 ஃப்ரேம் மூடியே இருக்க வேண்டும். அவற்றைத் தவறவிட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பாட்டு ஒட்டாது.

மேடையும் நிறமும்

பூச்சி உலகின் வசீகரம் அளவில் இருக்கிறது: நூல்கண்டு மேசை, விரலுறை வாளி, தீப்பெட்டி மேடை, பனித்துளி விளக்கு. 1937-இல் டிஸ்னி வெளியிட்ட 'வுட்லேண்ட் கஃபே' முழுக்கப் பூச்சிகளின் இரவு விடுதியிலேயே நடக்கிறது. பொருள்களின் அளவை ஷாட்டுக்கு ஷாட் நிறுத்திப் பார்ப்பதற்கு நல்ல பாடம். வரையும் முன் அளவு அட்டவணை ஒன்று செய்துகொள்ளுங்கள். வெட்டுக்கிளி ஒரு தீக்குச்சி உயரம், வண்டு அதில் பாதி, எறும்பு ஐந்தில் ஒன்று. இது உண்மை அளவு ஆகாது, ஆனால் படம் முழுக்க மாறாமல் இருந்தால் போதும்.

நிறத்தில் இரண்டு வழி. மூன்று நிற டெக்னிகலர் 1932-இல் கார்ட்டூனுக்கு வந்தது; கார்ட்டூனில் அதைப் பயன்படுத்தும் தனியுரிமையை டிஸ்னி சில ஆண்டுகள் வைத்திருந்ததால் மற்ற ஸ்டுடியோக்கள் வண்ணக் கார்ட்டூன்களை இரண்டு நிற முறைகளிலேயே செய்தன. இரண்டு நிற முறையில் செம்மஞ்சளும் நீலப்பச்சையும் நன்றாக வரும், தூய ஊதா வராது, மஞ்சள் மங்கும். முதல் படத்துக்கு இந்த வறுமைதான் வசதி. கிடைக்கும் எல்லா நிறத்தையும் இந்த இரண்டின் கலவைக்குள் அடக்குங்கள். எந்த வடிப்பானும் தராத பழமை வந்துவிடும். பின்னணியை நீர்வண்ணத்தில் வெளிறலாகவும், பாத்திரங்களைத் தட்டையான கெட்டி நிறத்திலும் வையுங்கள். படத்தைக் கருப்பு வெள்ளையாக்கிப் பார்த்தால் பாத்திரம் தனியாகத் தெரிய வேண்டும்.

மின்மினி ஒளி அக்காலத்தில் இரண்டாவது எக்ஸ்போஷர். காட்சியை எடுத்துவிட்டுப் பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, கருப்பு அட்டையில் துளையிட்டு அடியிலிருந்து விளக்கடித்து மறுபடி எடுத்தார்கள். கணினியில் மங்கலாக்கிய புள்ளியை 'ஸ்கிரீன்' முறையில் மேலே வைத்தால் அதே விளைவு. ஒளி 2 ஃப்ரேமில் சட்டென்று எழுந்து 10 ஃப்ரேமில் அணையட்டும். ஒரு பீட் முடிந்துவிடும்.

தாளில் வரைகிறவர்களுக்கு

ஏ4 தாளும் அலுவலகத்து இரட்டைத் துளைக் கருவியும் போதும். துளை 6 மி.மீ. விட்டம், நடுவுக்கு நடு 80 மி.மீ. அதே இடைவெளியில், 6 மி.மீ.-க்குச் சற்றே குறைந்த தடிமனுள்ள உருண்டைக் குச்சித் துண்டுகள் இரண்டை 5 மி.மீ. உயரத்துக்கு ஒரு பட்டையில் ஒட்டினால், தாள்களை ஒரே இடத்தில் பிடித்து வைக்கும் பெக் பார் தயார். குச்சி தளர்வாக இருந்தால் ஒவ்வொரு டிராயிங்கும் அரை மி.மீ. ஆடும், திரையில் அது பெரிய நடுக்கம். ஸ்கேனரின் கண்ணாடி விளிம்பிலும் அதே பெக் பாரை ஒட்டி 200 டிபிஐ-இல் ஸ்கேன் செய்யுங்கள். தானாகத் தாளை இழுக்கும் வசதியைத் தொடவே வேண்டாம். அது தாளைச் சாய்க்கும். திரை அளவு 4:3, எனவே 1440க்கு 1080.

கீ டிராயிங் (அசைவின் முக்கிய நிலைகள்) முடிந்ததும், அவற்றுக்கு நடுவே வரும் இடைநிலை வரையும் முன் பென்சில் டெஸ்ட். ஒலியோடு ஓட்டுங்கள், பிறகு ஒலியை அணைத்து ஓட்டுங்கள். ஒலி இல்லாமலேயே கால் தட்டத் தோன்றினால் சரி. தோன்றவில்லை என்றால் அமுக்கம் போதவில்லை, அல்லது உச்சிக்கும் அடிக்கும் வித்தியாசம் குறைவு. இன்க் செய்த பிறகு இதைத் திருத்துவது மூன்று மடங்கு வேலை.

கீறல், தூசி, நடுக்கம் சேர்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். 1930-களில் திரையிட்ட புதுப் பிரிண்டில் கீறல் இருந்ததில்லை. அது பல நூறு முறை ஓடிய புரொஜெக்டர் போட்ட கோடு. மெல்லிய கிரெயினும் (பிலிமின் நுண்புள்ளிகளும்) ஒரு பிக்சல் அளவு அசைவும் போதும்.

முடிவில் படம் வட்டமாகச் சுருங்கிக் கருப்பில் மூடுவதற்கு 16 ஃப்ரேம், கடைசி சுரம் விழும் ஃப்ரேமில் வட்டம் முழுதாக மூடியிருக்க வேண்டும். அதன்பின் வரும் 2 நொடி எதிரொலிக்குக் கருப்பு ஃப்ரேம்களை அப்படியே விட்டுவையுங்கள். ஒலி நிற்கும் முன் வெட்டினால் கோப்பு பழுதானது போலத் தெரியும். ஏற்றுமதி செய்யும்போது சில வடிவங்களில் ஒலி ஒரு ஃப்ரேம் நகர்வதுண்டு. அதைப் பிடிக்கப் படம் தொடங்குவதற்குச் சரியாக 48 ஃப்ரேம் முன்னால் ஒரு ஃப்ரேம் நீளத்துக்கு வெள்ளைத் திரையும் ஒரு 'பீப்' ஒலியும் வையுங்கள். ஏற்றுமதியான கோப்பை மறுபடி எடிட்டிங் மென்பொருளில் போட்டு இரண்டும் ஒரே ஃப்ரேமில் இருக்கின்றனவா என்று பாருங்கள். நகர்ந்திருந்தால் அத்தனை ஃப்ரேம் ஒலியை எதிர்ப்பக்கம் தள்ளி மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள். சரியானதும் வெள்ளை ஃப்ரேமையும் பீப்பையும் கருப்பாலும் மௌனத்தாலும் மூடுங்கள், வெட்டி எடுக்க வேண்டாம். வெட்டினால் நீளம் மாறி அதே நகர்வு திரும்பவும் வரலாம்.